சாமக்கொல்லைக் கள்ளிவேலியின் உயிர் குறித்து

1938ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஜவ்வாது மலையில் சாமக்கொல்லை என்ற சிற்றூரின் கிழக்கு எல்லையில் இருநூற்றுப் பத்து கெஜ நீளத்துக்கு நின்ற இலைக்கள்ளி வேலியில் ஓர் இலைகூட இல்லை.

உயிர் என்றால் என்ன என்ற கேள்விக்கு உலகத்தில் இதுவரை யாரும் உருப்படியாகப் பதில் சொன்னதில்லை. ரிஷிகள் காட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். ஐரோப்பியப் பண்டிதர்கள் கண்ணாடிக் குழாயில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தார்கள். எங்கள் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் முக்கால் மணி நேரம் விளக்குகிறார். கேட்பவர்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவதால் முடிவு என்னவென்று இன்னும் தெரியவில்லை. அப்பேர்ப்பட்ட கேள்வியை, மலையடிவாரத்தில் நாட்டு ஓடு வேய்ந்த ஒரு சின்ன வன இலாகா ஆபீஸ் எடுத்துக்கொண்டு, இரண்டு வருஷம் நாலு மாதத்தில் தீர்த்து வைத்தது. இடையில் ஐரோப்பாவில் ஒரு பெரிய யுத்தம் தொடங்கிற்று. காகிதக் கட்டுகளைக் கட்டும் நாடா கிடைக்காமல் எங்களுக்கு மூன்று வாரம் தாமதம் ஆனதே தவிர, வேலை நிற்கவில்லை.

அந்த ஆபீஸில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். இந்த விவகாரத்தின் காகிதக் கட்டு முழுவதும் என் கையெழுத்துதான். இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

சாமக்கொல்லையில் ஒன்பது வீடுகள். கள்ளிவேலிக்கு இந்தப் பக்கம் புல் முளைக்கும் சரிவு. அந்தப் பக்கம் இலாகா வைத்த சந்தனக் கன்றுகள். சரிவில் ஆடு மேய்த்துக்கொள்ள ஊராருக்கு அனுமதிச் சீட்டு உண்டு. அதன் நாலாவது ஷரத்து இது: “சரிவுக்கும் சந்தனக் காட்டுக்கும் நடுவே கிராமத்தார் ஓர் உயிர்வேலியை உயிரோடு வைத்திருக்கும் காலம் வரையில் இந்த அனுமதி செல்லும்.” வேலிக்கு உயிர் போனால் அனுமதிக்கும் உயிர் போகும். அனுமதி போனால் ஆடு போகும். சுற்றுவட்டாரத்தில் வேறு மேய்ச்சல் கிடையாது. ஊராருக்காகப் பேச நியமிக்கப்பட்ட மாதையனுக்கு இருபத்திரண்டு ஆடுகள். சாமை விளையாத வருஷத்தில் அந்த ஆடுகள்தான் அவர் வீட்டுச் சாமை.

வேலியைப் பார்வையிட வந்தவர் ரேஞ்சர் சக்கரவர்த்தி. பெயருக்கு ஏற்ற மனிதர். தம் ராஜ்யத்தில் ஒரு சருகு உதிர்ந்தாலும் அதற்கு நம்பர் போடுவார். கெட்டவர் அல்ல. லஞ்சம் வாங்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு மனக்குறை: அத்துமீறி மேய்ந்த ஆடுகளை அடைக்க ஆபீஸுக்குப் பின்னால் இருந்த பட்டி. அதன் மூங்கில் வேலியைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. பிடித்து அடைத்த ஆடுகள் நான் ரசீது எழுதி முடிப்பதற்குள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ரேஞ்சர் வேலியோடு இருபது அடி நடந்தார். நின்றார்.

“இலை எங்கே?”

“உதுந்துடுச்சு தொரை” என்றார் மாதையன்.

“எப்போது?”

“தை பொறந்தா உதுர ஆரம்பிக்கும். ஆனி, ஆடியில மழை உழுந்தா திரும்பி வந்துடும். வருசா வருசம் இதே கததான்.”

“அதாவது, இப்போது இல்லை.”

“இப்ப இல்லீங்க.”

“எழுதிக்கொள்ளும் மிஸ்டர் ஜேம்ஸ். ‘இலை இல்லை என்று கிராமத்தார் ஒப்புக்கொண்டனர்.’”

எழுதிக்கொண்டேன்.

மாதையன் பதறிப்போய் ஒரு கொப்பைக் காட்டினார். நுனியில் மஞ்சளும் சிவப்புமாகப் பொடிப் பொடியாக ஏதோ இருந்தது. “பூ கீது பாருங்க தொரை. செத்தது பூக்குமா?”

“மாதையா, பூவை வைத்து முடிவு கட்டுவதென்றால், போன வாரம் எங்கள் தெருவோடு ஒரு பிணம் போயிற்று. ஊரில் யார் மேலும் அத்தனை பூ இல்லை. அதற்கு உயிர் இருந்ததா?”

மாதையன் திரும்பி மனைவியைப் பார்த்தார். செல்லியம்மாளுக்குப் பதில் தெரிந்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த அருவாளை எடுத்து ஒரு தண்டில் லேசாகக் கொத்தினார். வெள்ளை வெளேரென்று பால் பொங்கி வழிந்தது.

“இது இன்னா தொரை? செத்ததை வெட்டினா பால் வருமா?”

ரேஞ்சர் சக்கரவர்த்தி எதையும் நேரில் பரிசீலிக்காமல் விடமாட்டார். பாலை விரலில் தொட்டார், கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார், பிசுபிசுக்கிறது என்று சொன்னார், நான் எழுதினேன். பிறகு வெயிலுக்கு நெற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு வலது கண்ணைத் துடைத்தார்.

அடுத்த கால் மணி நேரத்துக்குக் கட்டில் பதிவு எதுவும் இல்லை. ரேஞ்சரைப் பாறை மேல் உட்கார்த்தி இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். செல்லியம்மாள் ஒரு வெள்ளாட்டைக் காதைப் பிடித்து இழுத்து வந்து, மடியிலிருந்து நேரே அவர் கண்ணுக்குள் பால் பீய்ச்சினார். அந்த ஆடு எந்த அனுமதியின் பேரில் அங்கே நிற்கிறது என்று ரேஞ்சர் அப்போது கேட்கவில்லை.

“செத்த செடிதான் தொரை கண்ணைப் புடுங்கப் பாத்துச்சா?” என்றார் செல்லியம்மாள், மறுபடி பீய்ச்சிக்கொண்டே.

ஈரத் துண்டுக்கு அடியிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. “விஷம் வேறு, உயிர் வேறு அம்மா. பாஷாணத்துக்கு உயிர் உண்டா?”

நெருக்கடியிலும் தர்க்கம் தவறாத அந்தப் பண்பை நான் வேறு எந்த அதிகாரியிடமும் பார்த்ததில்லை. கண் மூன்று நாளில் சரியாயிற்று. “மீதி வேலி ஒரு கண்ணால் பார்வையிடப்பட்டது” என்று அறிக்கையில் நேர்மையாகவே எழுதச் சொன்னார்.

அநியாயமாக முடிவு கட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒரு பரீட்சை ஏற்பாடு செய்தார். வேலியிலிருந்து ஒரு கொப்பு வெட்டி ஆபீஸுக்குக் கொண்டுவர வேண்டியது; தொட்டியில் நட்டுச் சர்க்கார் செலவில் பராமரிக்க வேண்டியது; துளிர்த்தால் உயிர் உண்டு, துளிர்க்காவிட்டால் இல்லை. எங்கள் ஆபீஸில் எதுவானாலும் இரண்டு பிரதி வேண்டும் என்பது விதி. ஆதலால் கொப்பும் இரண்டாக வெட்டப்பட்டது. ஒன்று அசல், ஒன்று நகல்.

இரண்டையும் வாழைச்சருகில் சுற்றித் தலையில் வைத்துப் பதினோரு மைல் இறங்கி வந்தார் மாதையன். கொடுக்கும்போது ஒரு யோசனையும் சொன்னார்.

“உடனே நட்டுடாதீங்க தொரை. வெட்டின வாய் பச்சையா கீது. பத்து நாளு நெழல்ல போட்டு வைங்க. வாய் காஞ்சி மூடிக்கினப்புறம் நடுங்க. தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க.”

“தண்ணீர் ஊற்றாமல் எந்தச் செடி பிழைக்கும்?”

“இது பொழைக்கும் தொரை. எங்க வூட்டு வாசல்ல இடி உழாம இருக்கத் தலகீழா ஒண்ணு கட்டித் தொங்க வுட்டுகீறோம். மண்ணு கெடையாது, தண்ணி கெடையாது. போன சித்திரையில கட்டினது. இன்னும் பச்சையா கீது.”

“தலைகீழாகத் தொங்குவதைச் சர்க்கார் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது” என்றார் ரேஞ்சர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. “மாதையா, உன் செடியை நாங்கள் பட்டினி போட்டுக் கொன்றோம் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. தினம் மூன்று வேளை தண்ணீர். எழுதிக்கொள்ளும் மிஸ்டர் ஜேம்ஸ்.”

அன்றே அசல் நடப்பட்டது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு ஆபீஸ் பியூன் ஏசுராஜுக்கு. ஆலங்காயத்துப் பக்கத்துக் கிராமத்து ஆள். சொந்த நிலத்துக்குக் கள்ளிவேலி போட்டவர்தான். இரண்டாம் நாளே வந்து தலையைச் சொறிந்தார்.

“ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இது அழுகிடுங்க.”

“ரிஜிஸ்தரில் மூன்று வேளை போட்டிருக்கிறதா, இல்லையா?”

“போட்டுகீதுங்க.”

“அப்படியானால் ஊற்று.”

ஏசுராஜ் ஊற்றினார். காலை, மதியம், மாலை. ஒவ்வொன்றுக்கும் ரிஜிஸ்தரில் பெருவிரல் ரேகை. இருபத்து மூன்று நாளில் அறுபத்தொன்பது செம்பு. ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு இவ்வளவு சிசுருஷை நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருபத்து நாலாம் நாள் கொப்பு அடியில் கறுத்து, கொழகொழவென்று ஆகி, ஏசுராஜ் விரலால் தொட்டதும் சாய்ந்தது. ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார். “பரிசோதிக்கப்பட்டது, இறந்திருக்கக் காணப்பட்டது” என்று எழுதச் சொன்னார்.

நகலின் சரித்திரம் வேறு. அதற்கு எந்த மரியாதையும் நடக்கவில்லை. சிவப்பு நாடாவில் கட்டி, நம்பர் ஒட்டி, கட்டோடு கட்டாக ரிக்கார்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், அப்புறம் மறந்துபோனேன். ஜூலையில் ஒரு நாள் வேறொரு காகிதம் தேடி ஏணி போட்டு ஏறியபோது, நாடாவுக்கு வெளியே இரண்டு விரல் அளவில் ஐந்து பச்சை இலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளை நூல் போல ஒரு வேர் இறங்கி, சாமக்கொல்லை அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை அப்படியே இறக்கி ரேஞ்சர் மேஜைமேல் வைத்தேன்.

வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டும் பார்த்தார். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இது அசலா, நகலா?”

“நகல், சார்.”

“அசல் என்ன ஆயிற்று?”

“இறந்துவிட்டது, சார்.”

“நகல் என்பது என்ன, மிஸ்டர் ஜேம்ஸ்? அசலில் உள்ளது நகலில் இருக்கும். அசலில் இல்லாதது நகலில் இருக்க முடியுமா? அசலுக்கு விரோதமாக ஒரு நகல் நம்மிடம் இருக்கிறதென்று மேலே தெரிந்தால், நம் ஆபீஸில் பிரதி எடுக்கும் லட்சணத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்?”

இருபது வருஷம் பிரதி எடுத்தவன் நான். எனக்குச் சுருக்கென்றது. நகலை மறுபடி மேல்தட்டில் வைத்தேன். துளிர்த்த விவரத்தை எழுதலாமா என்று ரிஜிஸ்தரைப் புரட்டினேன். தேதி, வேளை, செம்பு, கைரேகை என்று நாலு கட்டங்கள் இருந்தன. துளிருக்குக் கட்டம் இல்லை. எழுதவில்லை.

அதே வாரம் மாதையன் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. “இலை வுட்டுச்சு தொரை! வேலி பூரா இலை! வந்து ஒரு நடை பாத்துட்டு வாங்க.”

“மழையில் மலைப்பாதை நடக்க லாயக்கில்லை. வருஷத்துக்கு ஒரு பார்வை, அதுவும் ஏப்ரலில்.”

“ஏப்ரல்ல இலை இருக்காதே தொரை.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன்.”

மாதையன் மேலே மனு போட்டார். மனுவை எழுதிக் கொடுத்தவர் சந்தவாசல் பக்கத்திலிருந்து வந்த ஒரு மிளகாய் வியாபாரி என்பதால் கொஞ்சம் காரமாக இருந்தது. தீர்ப்பு வரும் வரையில் ஆடு மேயலாம். ஆனால் “தகராறுக்கு உட்பட்ட வேலியில் எதையும் புதிதாக நடவோ, சேர்க்கவோ கூடாது” என்று உத்தரவு வந்தது. நியாயமான உத்தரவு. செத்த வேலிக்குள் உயிருள்ள செடியை நுழைத்து ஏமாற்றிவிட்டால்?

அடுத்த தை மாதம் மேலிடம் ஒரு நிபுணரையே அனுப்பியது. பேராசிரியர் கோபால்சாமி, தாவர சாஸ்திரம். தகரப் பெட்டி, உறிஞ்சுதாள், பூதக்கண்ணாடி, கருப்புக் குடை இவற்றோடு மூன்று நாள் சாமக்கொல்லையில் தங்கினார். வேலி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் பேசியது வேதம் ஓதியது போல இருந்தது. ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டேன்.

“இது சப்பாத்திக்கள்ளிக்கு உறவே இல்லை. ஆமணக்குக்கு உறவு. தண்டைப் பாருங்கள், உருளை, உள்ளே சதை. மழைத் தண்ணீரை அதில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. முள் எப்போதும் இரட்டை இரட்டையாகத்தான் வரும். இலை தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளும், தேவையில்லாவிட்டால் உதறிவிடும். தண்டின் பச்சையே இலையின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம், நீங்கள் பூ என்று நினைக்கிறீர்களே, அது பூவே அல்ல. சின்னக் கிண்ணம். அதற்குள் நடுவில் ஒரு பெண்பூ, சுற்றிலும் ஆண்பூக்கள். ஒரு ஊரே குடியிருக்கிறது.”

“பூ அல்லவா?” என்றார் ரேஞ்சர் ஆவலோடு.

“சாஸ்திரப்படி அல்ல.”

“எழுதிக்கொள்ளும் மிஸ்டர் ஜேம்ஸ். ‘பூவும் இல்லை.’”

பிறகு பேராசிரியர் உபயோகங்களை விசாரித்தார். மாதையனும் செல்லியம்மாளும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். இலையை அனலில் வாட்டிப் பிழிந்து காதில் விட்டால் காதுவலி நிற்கும். பாலை மருவில் தொட்டு வைத்தால் மரு உதிரும். குட்டையில் கலக்கினால் மீன் மயங்கி மிதக்கும். வாசலில் கட்டினால் இடி விழாது. பதினான்கு உபயோகம் தேறிற்று.

“வேறே?”

“ஆடு தின்னாதுங்க” என்றார் செல்லியம்மாள்.

“அது உபயோகத்தில் சேருமா அம்மா?”

“அதான் சாமி பெரிய உபயோகம். ஆடு தின்னுட்டா அப்பால வேலி இன்னாத்துக்கு?”

பேராசிரியர் சிரித்துப் பதினைந்தாவதாக எழுதிக்கொண்டார். செல்லியம்மாள் அவரை விடவில்லை. “அது கெடக்கட்டும். இதுக்கு உசுரு கீதா இல்லியா? அதை ஒத்தை வார்த்தையில சொல்லிட்டுப் போங்க.”

“என்னம்மா இது, பார்த்தாலே தெரியவில்லையா?”

“எங்களுக்குத் தெரியுது சாமி. காகிதத்துல எழுதுங்க.”

நாலு மாதம் கழித்து அறிக்கை வந்தது. முப்பத்தொரு பக்கம், ஏழு படம். ஒரு செடியைப் பற்றி இவ்வளவு அழகாக எழுத முடியுமா என்று எனக்குக் கண் கலங்கியது. கடைசி வாக்கியம் இது: “மேற்படி செடி உயிருடன் உள்ளதா என்பது என்னிடம் கேட்கப்பட்ட பன்னிரண்டு கேள்விகளில் ஒன்றல்ல.”

உண்மைதான். பன்னிரண்டு கேள்விகளையும் தயாரித்தவன் நான்.

ஆனால் அந்த அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி மேலிடத்தைக் கவர்ந்தது: “ஒரு முழுமையான மாதிரி என்றால் அதில் வேரும் இருக்க வேண்டும்.” 1940 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. வேலி முழுவதும் உயிருள்ளதா, ஒரு பாகம் மட்டுமா என்று தெரிய வேண்டும். ஆகவே கெஜத்துக்கு ஒன்று வீதம், வேரோடு, மூன்று பிரதி மாதிரிகள் முப்பது நாளுக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும். தவறினால் மனு தள்ளப்படும்.

சாமக்கொல்லையில் வேலி போடும் முறை, கெஜத்துக்கு மூன்று செடி. அடிக்கு ஒன்று வைத்தால்தான் குட்டி ஆடு நுழையாது.

மாதையன் படித்தவர் அல்ல. ஆனாலும் கணக்குப் போட்டுவிட்டார். உத்தரவை நான் வாசித்து முடித்ததும் கை விரல்களை மடக்கிக்கொண்டே நின்றார்.

“தொரை, இருநூத்திப் பத்து கெஜம். கெஜத்துக்கு மூணு புடுங்கச் சொல்றீங்க. வேலியில கீறதே கெஜத்துக்கு மூணுதான்.”

“அப்படியானால் சரியாகப் போயிற்று. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.”

“எல்லாத்தையும் புடுங்கிட்டா வேலி எங்க கீது?”

“மாதையா, இதுவரை உன் வேலிக்கு உயிர் இல்லை என்றுதான் கட்டில் எழுதியிருக்கிறது. மாதிரி அனுப்பினால் உயிர் உண்டு என்று ஆகலாம். அனுப்பாவிட்டால் மனு தள்ளுபடி. நாளையே ஆடு சரிவை விட்டு இறங்க வேண்டும். எது வேண்டும்?”

“செடிக்கு ஒரு கொப்பு வெட்டி அந்தக் குழியிலயே நட்டுக்கறோம். ஒரு மழை கண்டா எழுந்துக்கும்.”

“புதிதாக நடக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது.”

மாதையன் என்னைப் பார்த்தார். “ரைட்டரய்யா, நீங்க சொல்லுங்க.”

“உத்தரவு இருக்கிறது” என்றேன்.

ஒன்பது வீட்டு ஜனங்களும் இருபத்தாறு நாள் பிடுங்கினார்கள். கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு பிடுங்கினார்கள். அறுநூற்று முப்பது செடிகள் தலைச்சுமையாகவும் கழுதை மேலும் மலை இறங்கின. ஒவ்வொன்றுக்கும் நான் சீட்டுக் கட்டினேன். இருநூற்றுப் பத்து மேலிடத்துக்குப் போயின. இருநூற்றுப் பத்து பேராசிரியருக்குப் போயின. மீதி இருநூற்றுப் பத்து “ஆபீஸ் பிரதி”.

ஆபீஸ் பிரதிகளை வைக்க ஆபீஸில் இடமில்லை. ஏசுராஜ் அவற்றைக் கொல்லைப்புறத்து வேப்பமர நிழலில் அடுக்கினார். யாரும் தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை, அவரும் ஊற்றவில்லை. பத்து நாளில் வேர் அறுந்த வாய் எல்லாம் காய்ந்து மூடிக்கொண்டது. பதினோராம் நாள் ரேஞ்சரிடம் வந்தார்.

“ஐயா, அந்தக் கள்ளி சும்மா கெடக்குது. பட்டியைச் சுத்தி அடிக்கு ஒண்ணா நட்டு வுடட்டுங்களா? சர்க்கார் சாமான், காணாமப் போவாம ஒரே எடத்துல இருக்கும்.”

எழுபது கெஜம் சுற்றளவு பட்டி. இருநூற்றுப் பத்து அடி. ரேஞ்சர் அதை “சேமிப்பு முறை” என்று அங்கீகரித்தார்.

1940 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மேலிடத்து வராந்தாவில் கோணிமேல் கிடந்த இருநூற்றுப் பத்து மாதிரிகளும், முதல் மழைச் சாரல் பட்டதும் ஒன்று பாக்கியில்லாமல் இலை விட்டனவாம். நடந்துபோன அதிகாரியின் வேட்டியை ஒன்று கிழித்ததாம். தீர்ப்பின் முதல் பாரா: “இலை இல்லாதிருப்பது உயிர் இல்லாதிருப்பது ஆகாது. சாமக்கொல்லை வேலி முழுவதும், ஒவ்வொரு கெஜமும், உயிருள்ளதே என முடிவு செய்யப்படுகிறது.”

உயிர் என்றால் என்ன என்ற கேள்வி அன்று தீர்ந்தது. ரேஞ்சர் சக்கரவர்த்தியே எழுந்து மாதையன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஜெயித்துவிட்டாய்!” என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

மாதையன் சிரிக்கவில்லை. “ரெண்டாவது பாரா இன்னா சொல்லுது ரைட்டரய்யா?” என்று கேட்டார். தீர்ப்பு என்றால் இரண்டாவது பாரா இருக்கும் என்று இந்த இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டிருந்தார்.

வாசித்தேன். “மேற்படி உயிர்வேலி தற்போது ஸ்தலத்தில் நிற்கிறது என்று நேரில் கண்டு ரிப்போர்ட் செய்யும் பட்சத்தில், அனுமதி நீடிக்கும்.”

செப்டம்பர் 2ஆம் தேதி, திங்கட்கிழமை, தூறலையும் பாராமல் ரேஞ்சர் மலையேறினார். மழைக்காலத்தில் அவர் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. கிழக்கு எல்லையில் ஒரே வரிசையில் அறுநூற்று முப்பது குழிகள் இருந்தன. சிலவற்றில் தண்ணீர் தேங்கித் தவளை கத்திற்று. அந்தப் பக்கம் சந்தனக் கன்றுகள், இந்தப் பக்கம் மாதையனின் ஆடுகள், நடுவில் ஒன்றுமில்லை.

“வேலி எங்கே?” என்று ரேஞ்சர் கேட்டார். கேட்டுத்தான் ஆக வேண்டும். அது படிவத்தின் முதல் கேள்வி.

செல்லியம்மாள் முன்னால் வந்தார். “எங்களைக் கேக்கறீங்களா தொரை? உங்க ஆபீசுல பின்னால போய்ப் பாருங்க. நல்லா தழைச்சிகினு கீதாம். ஏசுராஜு சொன்னாரு.”

“அது ஆபீஸ் பிரதி அம்மா.”

“அப்ப எங்களுது எது?”

  ரேஞ்சர், தூறலில் காகிதம் நனையாமல் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

“எழுதிக்கொள்ளும் மிஸ்டர் ஜேம்ஸ். ‘ஸ்தலத்தில் வேலி இல்லை.’”

மாதையன் என்னருகே வந்தார். கோபமாக இல்லை, ஒரு விவரம் தெரிந்துகொள்ளும் குரலில்தான் கேட்டார். “ரைட்டரய்யா, மொத மொத கொண்டாந்து குடுத்தேனே ரெண்டு கொப்பு, அதுல ஒண்ணு உங்க அலமாரி மேல தழைச்சிச்சாமே. அன்னிக்கே நீங்க அதை எழுதியிருந்தா?”

“அதற்குக் கட்டம் இல்லை மாதையா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

அனுமதி ரத்தாயிற்று. மாதையனின் ஆடுகளுக்கு இந்தச் செய்தி தெரியவில்லை. வழக்கம்போல அதே சரிவில் மேய்ந்தன. செப்டம்பர் 5ஆம் தேதி வியாழக்கிழமை, அத்துமீறி மேய்ந்த குற்றத்துக்காக அவை பிடிக்கப்பட்டு, பதினோரு மைல் ஓட்டி வரப்பட்டு, ஆபீஸுக்குப் பின்னால் இருந்த பட்டியில் அடைக்கப்பட்டன. நான் ரசீது எழுதினேன். மை காய்ந்த பிறகு எண்ணிப் பார்த்தேன்.

இருபத்திரண்டும் இருந்தன. வேலி உயிரோடு இருந்தது. ஒன்றுகூட வெளியே போகவில்லை.